மூடி பறந்த நோன்புக் கஞ்சி

இடியப்ப உரலில் தேசிக்காய் பிழிவேன், தேத்தண்ணி வடியில் மா அரிப்பேன். குசினிச் சாமான் ஒவ்வொன்றுக்கும் புதுசாக ஒரு வேலை கண்டுபிடிப்பதில் எனக்குப் பெருமை. குறிஞ்சாக்கேணியில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள்கூட என்னிடம் கேட்டு வருவார்கள். இந்த நோன்போடு அந்தப் பெருமை அடங்கிவிட்டது.

மாமிக்குப் பல் பிடுங்கியிருந்தது. “கஞ்சியில கிடக்கிற இறைச்சியச் சப்ப ஏலாது புள்ள” என்றார். உடனே எனக்குப் பழச்சாறு அடிக்கும் பிளெண்டர் நினைவுக்கு வந்தது. பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கஞ்சியை ஊற்றி மூடியை இறுக்கினேன். மகள் ஹனா வழக்கம்போல மேசையோடு ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தாள்.

“ஹனா, பேரீச்சம்பழத்த எடுத்துட்டு வாங்க மகள்” என்று மாமி முன்னறையிலிருந்து கூப்பிட்டார். அவள் எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் சுவிட்சைப் போட்டேன்.

வெடித்ததுபோல ஒரு சத்தம். உள்ளே அடைபட்ட ஆவி மூடியைத் தூக்கி எறிய, கொதிக்கும் கஞ்சி சுவரில் போய் அடித்தது. என் கை வெந்துபோனது.

“என்ட அல்லாஹ்! என்ன புள்ள நடந்த?” என்று மாமி ஓடி வந்தார். அவர் கையைப் பிடித்தபடி ஹனா நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது சூடான எதையும் பிளெண்டரில் ஊற்றுவதில்லை. மாமிக்கு இறைச்சி போடாமல் கஞ்சி காய்ச்சி, மத்தால் கடைந்து கொடுக்கிறேன். சுவரை எத்தனை தரம் கழுவியும் மஞ்சள் கறை போகவில்லை. அது மேசையோடு ஹனா ஒட்டி நின்ற இடத்துக்கு நேர் பின்னால், அவளுடைய முகத்தின் உயரத்தில் இருக்கிறது.