ஓட்டுத்தையலில் நின்ற எழுத்து

தெருவில் எல்லோருக்கும் அவள் பட்டன் அக்கா. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவளாகச் சொன்னதும் இல்லை. யார் சட்டையில் எந்தப் பட்டன் போயிருந்தாலும், தன் பழைய பிஸ்கட் டப்பாவைக் கிளறி, அதே நிறத்தில் அதே நாலு ஓட்டையோடு ஒன்றை எடுத்துவிடுவாள். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்பாள். அதற்குக் கூலி கேட்டதில்லை.

கடை என்று சொன்னால் கடை கோபித்துக்கொள்ளும். மூன்று மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பொந்து. ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். மேலே யாராவது தடதடவென்று இறங்கினால் படியின் தூசி தைக்கிற துணிமேல் விழும். அதற்காகத் தலைக்கு மேலே ஒரு பழைய போர்வையைக் கட்டியிருந்தாள். போகிறவர் வருகிறவரைக் காலடிச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.

பழைய துணியைப் பிரித்துப் பெரிசாக்கித் தருவதில் அவள் கெட்டிக்காரி. பிரித்த இடத்தில் வரிசையாக ஊசி ஓட்டை தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தாள். "ஒரு தடவை துவைச்சா மூடிக்கும். கவலைப்படாதீங்க."

பக்கத்துப் பெட்டிக்கடையில் சாவி செய்கிறவர். வாய் ஓயாத மனுஷர். ஊரில் இருக்கிற எல்லா வீட்டுச் சாவியும் எனக்குத் தெரியும், சொந்தமா ஒரு கதவுதான் இல்லை என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். பட்டன் அக்கா அங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வந்த புதிதில் ஒருநாள், பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண் என்றாள். எங்கே இருக்கிறாள் என்றார்.

"நல்ல இடத்துல இருக்கா," என்றாள் பட்டன் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

"அது போதும்க்கா. பொண்ணைக் குடுத்த இடம் நல்லா அமைஞ்சா, அதைவிட வேற என்ன வேணும்?"

அவள் நிமிரவில்லை. ஊசிக்கண் தெரியாததுபோல நூலை மறுபடி மறுபடி நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் அப்படித்தான் புரிந்துகொள்வார் என்று தெரிந்தேதான் சொன்னாள். பொய்யும் சொல்லவில்லை. ஆண்டவனிடம் இருப்பவள் நல்ல இடத்தில்தானே இருக்கிறாள்.

கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் நூலகம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பெண்கள் அங்கே கூடுவார்கள். முப்பது நாற்பது பேர் படி ஏறுவார்கள். கூலிக்குப் போகிறவர்கள், நர்சுகள், கல்லூரிப் பெண்கள், ஒரு வக்கீல் பெண். சம்பளத்தில் ஏன் பாகுபாடு, வீட்டில் அடி வாங்கினால் எங்கே போவது என்று பேசுவார்கள். பேச்சு படிக்கட்டு வழியாகக் கீழே வரும். அப்போது பட்டன் அக்கா மிஷினை வேகமாக மிதிப்பாள். நூலகத்தம்மா, அதாவது அங்கே புத்தகம் எடுத்துக்கொடுக்கிற அம்மாள், இரண்டு மூன்று தடவை மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். தைக்க வேண்டியது கிடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒருநாள் காலையில் அந்த நூலகத்தம்மாவே இறங்கிவந்தாள். கையில் வெள்ளைக் காடாத்துணி ஒரு சுருள், ஒரு காகிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் ஒரு பெரிய கூட்டம் வைக்கிறார்களாம். போன வருஷம் இந்த ஊரில், சொந்த வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்ட பெண்கள் ஏழு பேர். அவர்கள் பெயரைச் சொல்லி, எந்த நேரம் தட்டினாலும் கதவைத் திறந்து பெண்ணை உள்ளே விடுகிற ஒரு வீட்டை நகராட்சி கட்டித்தரவேண்டும் என்று கேட்கப்போகிறார்கள். அச்சடித்த பேனர் வேண்டாம், பெயர்களைத் துணியில் வெட்டித் தைத்துத் தரவேண்டும் என்றாள்.

"பேப்பர்ல வந்த மாதிரியே எழுதியிருக்கேன்க்கா. இனிஷியலை விட்டுறாதீங்க. ஒரே பேருல நாலு பேர் இருப்பாங்க, யாருன்னு தெரியாமப் போயிடும்."

பட்டன் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், உதடு அசையும். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதில் உதடு நின்றுவிட்டது. அது அவள் மகள்.

மகளின் பெயருக்கு முன்னால் 'மு' என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. மருமகனின் எழுத்து. கொன்றவன் எழுத்து.

"முடியுமாக்கா?" என்றாள் நூலகத்தம்மா.

"முடியும்," என்றாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். அந்த மற்றதை ஒரு வருஷமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பயந்துதான் பழைய தெருவையே விட்டு வந்தாள்.

பெண்ணின் அப்பா, அவள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட்டார். மிஷினை மிதித்துத்தான் வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தாள். மகளுக்கு வெளியே எங்கும் தைக்கக் கொடுக்க மனசு வராது. எல்லாம் அம்மா கையால்தான். அளவு நோட்டில் மகளுக்கென்று தனியாக ஒரு பக்கம். கல்யாணமான புதிதில் சட்டைக்குக் கை நீளம் ஏழு அங்குலம். ஐந்தாறு மாதம் கழித்து, முழங்கை வரை வேணும்மா என்றாள், பன்னிரண்டு. அப்புறம் பதினாறு. அதற்கப்புறம் மணிக்கட்டு வரை, இருபத்தொன்று. கழுத்தையும் மூடித் தைத்துவிடு என்றாள். இப்போது இதுதான் பாணியோ என்று அம்மா சிரித்தாள். மகளும் சிரித்தாள்.

உலகத்துத் துணியையெல்லாம் அளந்தவளுக்கு, சொந்தப் பெண்ணின் கை ஏன் நீண்டுகொண்டே போகிறது என்று புரியவில்லை. ஒவ்வொரு அங்குலமாக, அவன் அடித்த தடத்தைப் பெற்றவளே மூடித் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு மத்தியானம் மகள் பையோடு வந்து பழைய தெருக் கடை வாசலில் நின்றாள். இனிமேல் அங்கே போகமாட்டேன் என்றாள். பையின் ஜிப்பு பிய்ந்து துணியெல்லாம் வெளியே தெரிந்தது. அக்கம்பக்கம் பார்க்கிறதே என்றுதான் பட்டன் அக்காவுக்கு முதலில் தோன்றியது. பையை வாங்கி, ஜிப்பை மாற்றித் தைத்தபடியே பேசினாள்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு. எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான்."

அம்மாவே பஸ் நிறுத்தம் வரை கூட்டிப்போய், ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தாள். பஸ் கிளம்பும்போது மகள் ஜிப்பை ஒருமுறை இழுத்து மூடிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வாரத்தில், அவன் அடித்த அடியில், மகள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான்.

முன்பெல்லாம் காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் கண்ணை மூடி, என் பிள்ளை நல்லா இருக்கணும் ஆண்டவனே என்று வேண்டிக்கொள்வாள். இப்போதும் கண்ணை மூடுகிறாள். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. சும்மா மூடியிருந்துவிட்டுத் திறந்துகொள்கிறாள்.

பேனர் தைக்க நாலு நாள் பிடித்தது. எழுத்தை முதலில் காகிதத்தில் வரைந்து, கருநீலத் துணியில் வைத்து வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, பிறகு வைத்துத் தைக்கவேண்டும். சுழி உள்ள எழுத்தென்றால் நகம்வெட்டுகிற கத்திரிதான். வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் எல்லாம் இப்படி ஒருநாள் வேலைக்கு வரும் என்று யார் கண்டது.

நாலு பெயர் முடிந்தது. ஐந்தாவதற்கு வந்தபோது கருநீலத்தை ஒதுக்கிவிட்டு, டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த மஞ்சள் பூப்போட்ட துண்டுத்துணியை எடுத்தாள். மகளுக்குத் தைத்த கடைசிச் சட்டையின் மிச்சம். பெயரை அதில் வெட்டித் தைத்தாள்.

அப்புறம் 'மு'. அதைக் கருநீலத்திலேயே வெட்டினாள். மிஷினில் வைத்தாள், கால் மிதிக்க மறுத்தது. வெளியே எடுத்து, ஓட்டுத்தையல் போட்டாள். அதாவது துணி நகராமல் இருக்க முதலில் கையால் போடுகிற நீளத் தையல். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசும் உருவிக்கொண்டு வந்துவிடும். எல்லா எழுத்துக்கும் ஓட்டுத்தையல் போட்டு, மேலே மிஷின் ஓட்டி, பிறகு அதை உருவுவதுதான் முறை. அந்த ஓர் எழுத்தை மட்டும் ஓட்டுத்தையலிலேயே விட்டுவிட்டாள். என்ன செய்யப்போகிறோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

"இது மட்டும் ஏன்க்கா பூப்போட்டிருக்கு?" என்று கேட்டாள் நூலகத்தம்மா.

நீலம் தீர்ந்துவிட்டது என்றாள். அந்த அம்மாவும் நம்பிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பட்டன் அக்கா கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். பேசினார்கள், கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நிற்க, நூலகத்தம்மா மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். வாசிக்க வாசிக்க மொத்தக் கூட்டமும் அதைத் திருப்பிச் சொன்னது. இனிஷியலோடுதான் சொன்னது.

நாலாவது பெயர் முடிந்தபோது பட்டன் அக்கா நடுவழியில் நடந்துகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்படி அவ்வளவு தூரம் வந்தாள் என்று பின்னால் கேட்டால் அவளுக்கு ஞாபகம் இல்லை. மேடையில் ஏறி, பேனருக்குப் பக்கத்தில் நின்று, ஐந்தாவது பெயரின் முன்னால் நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். வெள்ளை நூல் நீளமாக வந்தது. எழுத்து கழன்று அவள் காலடியில் விழுந்தது.

நூலகத்தம்மா கிட்டே வந்து, என்னக்கா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இவ என் பொண்ணு," என்றாள்.

வக்கீல் பெண் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கிப்போயிருந்தது. "உங்க எழுத்தைப் போட்டுடலாம்மா. பெத்தது நீங்கதானே."

பட்டன் அக்கா தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் பாப்பா. அவ அப்பா எழுத்து பள்ளிக்கூடத்தோட நின்னுபோச்சு. புருஷன் எழுத்து அவளைக் கொன்னுடுச்சு. என் எழுத்தைப் போடணும்னா, அன்னைக்குப் பையோட வந்து நின்னப்ப, உள்ள வான்னு சொல்லியிருக்கணும். நான் ஜிப்பு தைச்சு பஸ் ஏத்திவிட்டேன்."

மைக் இல்லாமல்தான் சொன்னாள். ஆனாலும் முன்வரிசையில் கேட்டது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் தப்பு இல்லை அம்மா என்று வக்கீல் பெண் சொன்னாள். நல்ல மனசுள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பட்டன் அக்காவுக்குத் தெரியும். வாதாடவில்லை. அந்தப் பெண்ணின் கையைத் தட்டிக்கொடுத்தாள், அவள்தான் ஆறுதல் சொல்ல வந்தவள்போல.

நூலகத்தம்மா ஐந்தாவது பெயரை எந்த எழுத்தும் இல்லாமல் வாசித்தாள். அத்தனை பேரும் அதைச் சொன்னார்கள். ஒரு வருஷமாக அந்தப் பெயரை அவள் யார் வாயிலும் கேட்டதில்லை, தன் வாயாலும் சொன்னதில்லை. கேட்டதும் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். விழுந்து கிடந்த எழுத்தைக் குனிந்து எடுத்தாள். தரையில் துண்டுத்துணி கிடந்தால் எடுக்காமல் இருக்க அவளால் முடியாது. எடுத்தபின் எங்கே போடுவது என்று தெரியாமல் கூட்டம் முடிகிறவரை கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள், கூட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்ட சாவிக்காரர் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. மத்தியானம் வந்து முக்காலியின் அருகே நின்றார்.

"அன்னைக்கு ஏதோ உளறிட்டேன்க்கா."

"தெரியாமத்தானே கேட்டீங்க," என்றாள்.

ஒரு வாரம் கழித்து நூலகத்தம்மா பேனரோடு இறங்கிவந்தாள். ஊர்வலத்தில் கொண்டுபோனதில் மழை பட்டுக் கறை ஏறியிருந்தது. நகராட்சி இன்னும் பதில் சொல்லவில்லை, அடுத்த மாதம் மறுபடி போகிறோம் என்றாள். இன்னும் இரண்டு வீட்டில் இனிஷியலை எடுத்துவிடச் சொல்கிறார்கள், வேறொரு வீட்டில் குழந்தைக்கும் அதே இனிஷியல்தான், இருக்கட்டும் என்கிறார்கள் என்றும் சொன்னாள். அந்த இரண்டையும் பிரித்துக் கொடுத்தால், துவைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டன் அக்கா பேனரை மிஷின்மேல் விரித்தாள். ஐந்தாவது பெயரின் முன்னால் வெறும் வெள்ளை. கையை வைத்துத் தடவினாள். நீள நீளமாக இடைவெளி விட்டு, ஊசி போன ஓட்டைகள் அப்படியே இருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், எடுத்த எழுத்தின் வடிவம் தெரிந்தது.

"பிரிச்சுத் தர்றேன்," என்றாள். "துவைக்க மட்டும் வேண்டாம்மா."

"ஏன்க்கா, இவ்வளவு கறையா இருக்கே?"

"துவைச்சா மூடிக்கும்."