மஞ்சூரில் நின்ற விசிறிகள்

நான் எழுதியதாகச் சொல்லி ஆயுத பூஜையன்று பொன்னாடை வாங்கிக்கொண்ட முப்பத்தெட்டாயிரம் வரி கணினி நிரலில், நான் வாசித்தது ஆயிரம் வரி இருந்தால் அதிகம். மீதி ஏஐ எழுதியது. அது எழுதி நீட்டும்; நான் பூம்பூம் மாடு போல் தலையாட்டி ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்துவேன். மாட்டுக்கு முதுகில் பழந்துணி. எனக்குச் சரிகை வைத்தது.

மஞ்சூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கான மென்பொருள் அது. இலை வந்து இறங்குவது முதல் தூள் மூட்டையாவது வரை எல்லாம் அதன் பொறுப்பு. முக்கியமாக, பச்சை இலையை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டும் விசிறிகளை அதுதான் ஓட்டும். காற்று நின்றால் இலை தனக்குள்ளேயே வெந்து சிவந்துவிடும், அப்புறம் குப்பைதான். விசிறிகளின் பழைய சுவிட்சுகளைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னதும் நான்தான். பார்க்க நவீனமாக இல்லையாம்.

பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் குன்னூர் வீட்டில் இரண்டாவது காப்பியில் இருந்தபோது, வாட்டும் பிரிவின் மேற்பார்வைக்கார அம்மாள் போனில் கூப்பிட்டார்.

“சார், ஃபேன் அஞ்சும் நின்னு போச்சுங்க. கம்ப்யூட்டர அமத்திப் போட்டா பத்து நிமிசம் ஓடுது, மறுக்கா நின்னுக்குது.”

“இலை எவ்வளவு கிடக்கு?”

“நேத்து வந்தது பூராவும் தொட்டியிலதானுங்க. சூடு ஏறுது. பொம்பளைங்கள விட்டுக் கையில பொரட்டிட்டு இருக்கறேன். மத்தியானம் வரைக்குந்தான் தாங்கும்.”

ஏஐயிடம் கேட்டேன். காரணம் இன்னதென்று அடித்துச் சொன்னது. இன்னொரு தடவை கேட்டேன். வேறொரு காரணத்தை அதே உறுதியோடு சொன்னது. முதன்முறையாகப் பொத்தானை அழுத்தாமல் விரலை எடுத்தேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பாதையின் வளைவுகளுக்கு வழக்கமாக நான் கண்ணை மூடிக்கொள்கிறவன். அன்று அந்தப் பயத்துக்கு உள்ளே இடமில்லை.

தொழிற்சாலையில் மழையால் இணையம் செத்திருந்தது. ஏஐ இல்லை. நானும் நிரலும் மட்டும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஏழெட்டுப் பெண்கள் முழங்கை வரை கையை இலைக்குள் விட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வாசிக்க ஆரம்பித்தேன். கோப்புக்குப் பின் கோப்பு, எல்லாம் சுத்தம், எல்லாம் மரியாதை. என் கையெழுத்தில் யாரோ எழுதிய கடிதங்களைப் படிப்பது போல இருந்தது.

பதினோரு மணிக்கு அகப்பட்டது. ‘ஈரப்பதம் பத்து நிமிடம் தொடர்ந்து நூறு காட்டினால் கருவி பழுது, விசிறிகளை நிறுத்து.’ அதன் கீழே ஒரு குறிப்பு: ‘தள நிலவரம் கேட்டு உறுதி செய்யப்பட்டது.’

கேட்டிருந்தது, இப்போது நினைவு வந்தது. உங்கள் ஊரில் அப்படி நூறிலேயே நிற்க வாய்ப்புண்டா என்று பணிவாகத்தான் கேட்டிருந்தது. ‘அதெல்லாம் இருக்காது, மேலே போ’ என்று நான் பதில் அடித்திருந்தேன். அன்று என் தலைக்குமேல் கொடியில் மூன்று நாளாகக் காயாத பனியன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மஞ்சூரில் மஞ்சு இறங்கி மூடுபனி சூழ்ந்தால் கருவி நூறு காட்டாமல் வேறென்ன காட்டும்?

வரியை நீக்கினேன். விசிறிகள் ஓடின, பத்து நிமிடம் தாண்டியும் ஓடின. நான்கு தொட்டி பிழைத்தது. ஐந்தாவது சிவந்து, புளித்த வாடையோடு வெளியே போயிற்று.

கிளம்ப எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன். வேறு எதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேன்? கொதிகலன் பகுதிக்கு என்ன சொல்லி வைத்தேன்? ஒன்றும் நினைவில்லை. முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் சற்று நேரம் நின்றார்.

“ஏனுங்க சார், இது நீங்க எழுதுனதுதானுங்களே? அப்பறம் எதுக்குங்க பரீட்சைக்குப் போற புள்ளையாட்ட வெரல வெச்சு வெச்சுப் படிக்கறீங்க?”