போர்வையின் மறுமுனை

வெர்னா ஸ்டோக்கிக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. முதியோர் இல்லத்தில் இருபது வருடம் மலமும் சீழும் துடைத்தவள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போதைக் காளான் கொடுத்து மனப்பயத்தைத் தணிக்கும் சிகிச்சைக்குச் சட்டம் அனுமதி தந்ததும், சாகப் பயப்படுகிறவர்களுக்கு உதவலாம் என்று நம்பிப் படித்து லைசென்ஸ் வாங்கினாள். எங்கள் மையத்தில் சேர்ந்தாள். நான் அங்கே வரவேற்பில் இருந்தேன்.

வெண்டெல் புரூட் மரம் வெட்டிப் பிழைத்தவர். கணையத்தில் புற்றுநோய் முற்றி எங்களிடம் வந்தார். காளான் வேலை செய்யும் நேரத்தில் கையையோ தோளையோ தொடலாமா என்று வெர்னா முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

"தொடுறதா? நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? வேண்டாம்னு போடு."

"யோசிச்சுச் சொல்லுங்க வெண்டெல். அன்னைக்கு மனசு மாறினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மயக்கத்துல குடுக்குற சம்மதம் செல்லாது, சட்டம் அப்படி."

"எழுபது வருஷமா மாறாத மனசும்மா இது!"

காட்டு வேலைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். கேலியாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். அவரும் போட்டார்.

சிகிச்சை நாளில் காளான் தேநீர் குடித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் குழந்தை மாதிரி அழுதார். காற்றில் கையை நீட்டினார்.

"வெர்னா, கீழ போய்க்கிட்டே இருக்கேன். கையப் பிடி."

கதவுக் கண்ணாடி வழியாக நானும் முதலாளி பிரென்ட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். "தொட்டா லைசென்ஸ் போச்சு, அவளுக்கும் நமக்கும்" என்று பிரென்ட் முணுமுணுத்தார்.

வெர்னாவின் கை பாதி தூரம் போய் நின்றது. பிறகு போர்வையின் ஒரு முனையை அவர் விரல்களில் விழும்படி போட்டு, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். அவர் இழுத்தார். அவளும் இழுத்தாள். மாலைவரை அப்படியே.

"அபாரம்! சட்டத்தையும் மீறல, ஆளும் அடங்கிட்டாரு. மத்தவங்களுக்கும் சொல்லிக் குடு" என்று பிரென்ட் அவள் தோளில் தட்டினார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வெர்னா அந்தக் கையை, படுக்கையில் கிடக்கும் கழிவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வெண்டெல் பூட்ஸை மாட்டியபடி சொன்னார்: "கை கேட்டேன். துணியக் குடுத்தே."

மறுநாள் வெர்னா சுவரிலிருந்த தன் லைசென்ஸைக் கழற்றி பிரென்ட்டின் மேசைமேல் வீசினாள்.

"பைத்தியமா வெர்னா? சட்டத்த நானா எழுதுனேன்?"

"இல்ல. நீ அத அபாரம்னே. நானும் கீழ்ப்படிஞ்சேன். குமட்டுது."

நேராக வெண்டெல் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவரிடம் கையை நீட்டினாள். அவர் தன் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இப்ப எதுக்கும்மா? நேத்துல்ல வேண்டியிருந்துச்சு?"

கதவு சாத்திக்கொண்டது.