ஹவில்தார் கோவிந்தசாமி குத்திக்கொள்ளாத மெடல்

செய்தி வந்தபோது நான் கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா என் சிநேகிதர். துபாயிலிருந்து வந்தால் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொந்த வீட்டுக்கே போவார். பிரியாணியில் கை வைக்கப் போகும் நேரம், என் மனைவி போனில், "கோவிந்தசாமி மாமா போயிட்டாருங்க" என்றாள்.

"எங்க, ரெகார்டு ஆபீசுக்கா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிற இடம் அது ஒன்றுதான். மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல். வேலை முடியாமல் எப்படிப் போகலாம்? கேட்டுக்கொண்டு போயிருந்தால் நான் விட்டிருக்கவே மாட்டேன்.

நான் அண்ணன் என்று கூப்பிடும் அவரை, இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு மரக்காணத்து உப்பள மேஸ்திரியாகத்தான் தெரியும். வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே சுருங்கிப்போன முகம். அதற்கு முன்னால் அவர் பட்டாளத்தில் ஹவில்தார். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் வீரத்துக்காக வெள்ளி மெடல் வாங்கியவர். அந்தச் சண்டையைப் பற்றி இந்த வட்டாரத்தில் என்னைவிட விவரமாகச் சொல்லக்கூடியவர் கிடையாது. நான் பட்டாளத்துக்குப் போனதில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், அதாவது ஒரு தடவை படித்தவர்களைப் போல இரண்டு மடங்கு தெரிந்தவன்.

நடந்ததை அவர் சொன்னால் இவ்வளவுதான் இருக்கும்: "ஒரு வாய்க்காலு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவனுங்க. நடுவுல நம்மாளுங்க ரெண்டு பேரு அடிபட்டுக் கெடந்தானுங்க. போய்த் தூக்கிட்டு வந்தேன். ஒருத்தன் பொழைச்சான்." இதை வைத்துக்கொண்டு ஒரு டீக்கடையில் எத்தனை நேரம் ஓட்ட முடியும்? நான் சொல்லும்போது வாய்க்கால் ஆறாகும், ஆற்றில் வெள்ளம் வரும், எதிர்க்கரையில் டாங்கிகள் வரிசையாக நிற்கும், அண்ணன் தோளுக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு நீந்துவார். ஒரு நாள் நான் டாங்கிகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "டேய் ஏகாம்பரம், நீ சொல்றதைக் கேட்டா எனக்கே அந்தச் சண்டையைப் பாக்கணும்போல இருக்குதுடா" என்று சொல்லி டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடையே சிரித்தது. நானும்தான்.

சிக்கல் ஆரம்பித்தது ஒரு சுதந்திர தினத்தில். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்கு அவர் மெடலைக் குத்திக்கொண்டு வருவார். அந்த வருஷம், ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்த புதுப் பட்டாளத்துக்காரர் ஒருவர் எல்லாருடைய சர்வீஸ் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். அண்ணனின் புத்தகத்தில் அந்த மெடல் ஏறவில்லை. குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கிருந்து வேறு யூனிட்டுக்குப் போனவர். காகிதம் கூடவே போகவில்லை. மெடலோடு வந்த கடிதமும் ஒரு புயலில் கூரையோடு போய்விட்டது. "பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. புத்தகத்துல இல்லாததைக் குத்திக்கக் கூடாதுங்க" என்றார் அவர், மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

அண்ணன் சண்டை போடவில்லை. மெடலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விறைப்பாக நின்று, கொடிக்கு சல்யூட் அடித்தார். வெளியே வந்ததும் என்னிடம், "அவர் சொல்றது ரூலு. புத்தகத்துல ஏத்திட்டுத்தான் இனிமே குத்திக்குவேன்" என்றார். அதற்குள் ஊரில், சந்தையில் வாங்கிய மெடல் என்று ஒருவன் கிளப்பிவிட்டிருந்தான். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. தான் பொய் சொல்லவில்லை என்று அரசாங்கத்துப் புத்தகத்தில் ஒரு வரி.

பட்டாளத்து ரெகார்டு ஆபீசுக்கு மனு போட்டோம். எழுதியது நான் என்பதால் பதில் சீக்கிரமே வந்தது. மெடல் வாங்கியவர்களின் பட்டியலில் கோவிந்தசாமி என்ற பெயர் இருக்கிறதாம், ஆனால் நம்பர் இருக்கும் இடத்தைப் பூச்சி அரித்துவிட்டதாம். அந்தப் பட்டாளத்தில் அதே பெயரில் வேறு ஆட்களும் இருந்தார்களாம். மெடலின் விளிம்பைச் சுற்றி வாங்கியவரின் பெயரும் நம்பரும் பொறித்திருக்கும், அதைக் காட்டினால் உடனே பதிந்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். "முடிஞ்சுதுண்ணே! பூ மாலைக்குச் சொல்லிடவா?" என்றேன்.

அண்ணன் சாமி படத்துப் பக்கத்தில் தொங்கிய மெடலை எடுத்து வந்தார். வாசல் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். என் கண்ணாடி, அவர் கண்ணாடி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். விளிம்பு வழவழவென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

எங்கள் ஊர் உப்புக் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துடைத்து வைத்த விளக்கு அடுத்த வாரமே பச்சை பூத்து நிற்கும். ஜன்னல் கம்பி கையோடு வரும். அதனால் இங்கே பெண்பிள்ளைகள் தேய்க்கிற தேய்ப்பு மற்ற ஊர்த் தேய்ப்பு அல்ல. அண்ணனின் மனைவி அஞ்சலை அண்ணிக்கு அந்த மெடல் சாமி சாமான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் விளக்கு, தட்டு, மணியோடு அதையும் ரிப்பனைக் கழற்றிவிட்டுப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. விளிம்பில் இருந்தது அவருக்கு அழுக்கு சேருகிற வரிப்பள்ளம்.

எனக்கு முன்னால் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப்பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலை இறக்கி, "அவகிட்ட மூச்சு விட்டுடாதே" என்றார்.

ரெகார்டு ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். எந்த ஊர் ஆபீஸ், எந்த அதிகாரி என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. மெடல் பிரிவு அதிகாரி அதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "யாரோ அரம் வெச்சு ராவியிருக்காங்க பெரியவரே. வேற ஆள் பேரு இருந்திருக்கும்" என்றார். அண்ணன் முகம் போன போக்கை நான் வாழ்நாளில் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் மேஜையைத் தட்டினேன். அந்தக் கட்டடமே ஆடியது. அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்து, "தானாத் தேயாதுங்க. யாரால தேஞ்சுதோ அவங்க வந்து இப்படி ஆச்சுன்னு எழுதிக் குடுக்கட்டும். மேல அனுப்பிப் பாக்கறேன்" என்றார். வழி திறந்தாயிற்று. அண்ணன் மெடலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி வந்து ஒரு கைநாட்டு வெச்சா முடிஞ்சுதுண்ணே."

"கண்ணாலம் ஆனதுலேருந்து சாமின்னு நெனச்சுத் தேச்சிருக்காடா. இப்பப் போய், நீதான் என் பேரை அழிச்சேன்னு சொல்லவா?"

"சரி, சொல்ல வேணாம். உப்புத் தொட்டியில விழுந்துடுச்சுன்னு எழுதுவோம். மேஸ்திரி வேலை, சட்டைப்பையில இருந்தது, குனிஞ்சீங்க, விழுந்துது. எடுக்கறதுக்குள்ள உப்புத் தண்ணி அரிச்சிடுச்சு. எவன் இல்லேங்கப் போறான்?"

"விழலையே."

"விழலைன்னா இன்னா? விழுந்ததுன்னு எழுதிட்டா விழுந்ததுதானே!"

"விழலைடா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். எனக்கும் சேர்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். இப்படி ஒரு ஆளோடு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். உண்மையை வீட்டில் சொல்ல மாட்டார், பொய்யை வெளியே சொல்ல மாட்டார். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வருஷக்கணக்கில் அந்த ஒரு வரியைக் கேட்டார். அவர் தூக்கி வந்து பிழைத்த ஆளைத் தேடிக் கடிதம் போட்டார்; விலாசதாரர் இல்லை என்று திரும்பியது. பழைய அதிகாரியைத் தேடினார், அவர் காலமாகியிருந்தார். ஒவ்வொரு மனுவுக்கும் அதே பதில்: விளிம்பில் எழுத்து இல்லை.

இதில் என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தது ஒன்று. அண்ணி கேட்டால் அவர், "ஃபைலைத் தேடறாங்களாம்" என்பார். அண்ணி, "பாழாப் போனவனுங்க, ஒரு ஃபைலை எவ்ளோ நாளு தேடுவானுங்க" என்று திட்டிவிட்டு, அவர் மறுபடி கிளம்புகிற அன்று காலையில் மெடலை எடுத்து உட்கார்ந்து விசேஷமாக ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். "நல்லாப் பளபளன்னு இருந்தாத்தான் நம்புவானுங்க." அண்ணன் பக்கத்தில் நின்று பார்ப்பார். முடிந்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். நான் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் நிறைய வந்தது. இங்கிருந்து பெருமுக்கல் வரைக்கும் பஸ் வரிசையாக நின்றதாகச் சொல்லுங்கள், தப்பில்லை. அண்ணி மெடலைக் கொண்டுவந்து சட்டையில் குத்தக் குனிந்தார். நான் தடுத்தேன். "வேணாம் அண்ணி. புத்தகத்துல ஏறாம குத்திக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாரு."

அண்ணி அத்தனை பேர் நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி ஏறலை?" என்று கேட்டார்.

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு, மாலை வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வாசலுக்கு நழுவினேன். காரியம் முடிந்த மறுநாள் கூப்பிட்டு அனுப்பி மறுபடி கேட்டார். சொல்லிவிட்டேன். அழுவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார் என்று சொம்பில் தண்ணீர்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"இதுக்கா?" என்றார். "இதுக்கா அந்த மனுஷன் வெயில்ல அலைஞ்சாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே வந்து, ஆமாய்யா, நான்தான் தேச்சேன், இப்ப இன்னாங்கறேன்னு கேட்டிருப்பேனே! நான் இன்னா கண்ணாடியா, சொன்னா ஒடைஞ்சு போறதுக்கு?" அப்புறம் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்து அவரையே திட்ட ஆரம்பித்தார். அத்தனை வருஷமாக நான் திட்ட நினைத்ததையெல்லாம் அண்ணி ஒரே மூச்சில் திட்டினார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"எழுது தம்பி" என்றார். நான் உட்கார்ந்து, 'கடலும் உப்பும் சூழ்ந்த இப்புண்ணிய பூமியில்' என்று ஆரம்பித்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எதுக்கு? நான் சொல்றதை எழுது" என்றார். எழுதியது இதுதான்: 'மெடலைச் சுற்றி எழுத்து மாதிரி இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. வாரா வாரம் புளி, செங்கல் தூள் போட்டு நான் தேய்த்தேன். அதில் அது போய்விட்டது. என் வீட்டுக்காரர் யாருடைய பெயரையும் அழிக்கவில்லை.' கீழே கைநாட்டு. என் வாழ்க்கையில் நான் எழுதியதில் மிகச் சின்னது அது.

புருஷன் செத்து மாசம்கூட ஆகாமல் வெளியே போகலாமா என்று தெருவில் கேட்டவர்களை, "அவரு வேலையாத்தான் போறேன்" என்று ஒதுக்கிவிட்டு அண்ணி என்னோடு பஸ் ஏறினார். அதே அதிகாரி. காகிதத்தைப் படித்துவிட்டு, "கையால தேச்சா இவ்ளோ போகுமாம்மா?" என்றார். அவர் மேஜையில் ஆளைக் கூப்பிடுகிற பித்தளை மணி ஒன்று இருந்தது, மேலே கம்பெனிப் பெயர் பொறித்தது. அண்ணி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும்யா. அவரு மெடலை நான் வெச்சிருந்த அளவுக்கு வெச்சிருந்து தேச்சுக் குடுக்கறேன். அப்போ இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு நீ படிச்சுக் காட்டு."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். பிறகு எழுந்து நின்று, மணியை இரண்டு கையாலும் திரும்ப வாங்கிக்கொண்டு, "வாரிசு நீங்கதான், நீங்களே தொடர்ந்து கேக்கலாம்மா. என் குறிப்போட மேல அனுப்பறேன்" என்றார். அண்ணனிடம் அவர் எழுந்து நின்றதில்லை.

இந்த இடத்தில், மெடல் புத்தகத்தில் ஏறிவிட்டது என்று எழுதி முடிக்க எனக்குக் கை துறுதுறுவென்கிறது. எழுதினால் பிரமாதமாகவும் இருக்கும், படிக்கிற உங்களுக்கும் மனசு நிறையும். ஏறவில்லை. மேலே போயிருக்கிறது, பதில் வரவில்லை.

அண்ணனிடமிருந்து அண்ணிக்கு மெடல் வந்தது. என் பங்குக்கு வந்தது அவருடைய அலைச்சலும், அவர்மேல் எனக்குள்ள கோபமும். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாசத்துக்கு ஒரு நாள் நானும் அண்ணியும் பஸ் ஏறிப் போய் அந்த ஒரு வரியைக் கேட்கிறோம். கேட்பதோடு சரி, ஆறு, டாங்கி என்று நான் எதையும் சேர்ப்பதில்லை.