பாறைக்குழிக்கு வழி

யாராவது பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி ‘டக், டக்’ என்று ஓசை எழுப்பினால் எனக்கு இன்றும் பொறுக்க முடிவதில்லை. அலுவலகக் கூட்டங்களில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், கொஞ்சம் நிறுத்துங்களேன் என்று கேட்டுக் கேட்டுச் சிடுமூஞ்சி என்ற பெயரை வாங்கிவிட்டேன். அது ஆந்தைக் குஞ்சின் சத்தம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? பயந்துபோன கொம்பன் ஆந்தைக் குஞ்சு, உடம்பைப் பஞ்சு மூட்டை மாதிரி உப்பவைத்துக்கொண்டு, அலகைத் தட்டித் தட்டி அப்படித்தான் மிரட்டும். அதை நான் முதன்முறை கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று பயம் அதற்கு மட்டும்தான். ஐந்து நாள் கழித்து இரண்டாம் முறை கேட்டபோது யாருடைய பயம் பெரிது என்று சொல்லத் தெரியவில்லை.

அப்போதும் நாங்கள் பீளமேட்டில்தான் குடியிருந்தோம். அப்பா ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறு நாள் இயந்திர இரைச்சலில் கிடக்கிற காதுக்கு ஏழாம் நாளாவது பறவைச் சத்தம் வேண்டும் என்பது அவர் கட்சி. ஞாயிறு விடிந்ததும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஏதாவது ஒரு குளத்தைப் பார்த்து பைக்கை விடுவார். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பறவைப் பித்தர்களெல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அன்றன்று பார்த்ததை அன்றன்றே அதில் எழுதிவிட வேண்டும். அப்பாவின் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்துகளை அழுத்தும் என்பதால் எழுதும் வேலை என்னுடையது. அவர் தோசையைப் பிட்டுக்கொண்டே, ‘நாமக்கோழி நாப்பதுக்கு மேல, நீர்க்காகம் பன்னெண்டு’ என்று சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். அதோடு விடமாட்டார். எந்தக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், எந்தப் பனைமரத்தடியில் வண்டியை நிறுத்தலாம், எந்தக் கடையில் ஆறு மணிக்கே போண்டா வந்துவிடும் என்பது வரைக்கும் எழுதச் சொல்வார். தெருவில் யாராவது வழி கேட்டால் வாயால் சொல்லித் திருப்தியாகாமல், முன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வருகிற ஆள் அவர். தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான், ஒருவரையும் பதில் இல்லாமல் விட்டதில்லை. கம்பெனிக்குள் கேமரா ஃபோன் கூடாது என்பதால் பகலெல்லாம் அது வீட்டில்தான் கிடக்கும். பள்ளிவிட்டு வந்ததும் அப்பா பெயரில் நானே பதில் போடுவேன். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்தக் குழுவில் மீறக்கூடாத வழக்கம் ஒன்று இருந்தது. கூட்டைப் பார்த்தால் பார்த்தேன் என்றே சொல்லக்கூடாது. படம் கூடாது, இடம் கூடாது, வட்டாரத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழுவை நடத்தியவர் ஆர்.எஸ்.புரத்துப் பள்ளியொன்றில் விலங்கியல் எடுத்த டீச்சர். ஆர்வக்கோளாறில் கூட்டுப் படம் போட்டவர்களை ஃபோனில் கூப்பிட்டு அவர் விட்ட டோஸைப் பெரிய பெரிய அதிகாரிகளே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவும் ஒவ்வொரு முறையும் என்னிடம், “கூடு பாத்தா வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கோணும் கண்ணு” என்பார். நான் தலையை ஆட்டுவேன். ஏன் என்று கேட்டதில்லை, அவரும் விளக்கியதில்லை.

அந்த வருஷம் தை மாதம், காங்கேயத்துக்குப் பக்கத்தில், கிளுவை வேலி போட்ட ஒரு மேய்ச்சல் நிலத்துக்கு என்னை அழைத்துப் போனார். அந்தப் பக்கத்துப் பேச்சில் அது ‘கொறங்காடு’. அதன் உரிமைக்காரர் ஈஸ்வரி அக்கா. நாலைந்து மாடுகளும், உரத்த சிரிப்பும், பத்துப் பேருடைய வேலையைத் தனியாகச் செய்கிற உடம்பும் உள்ளவர். காட்டின் மூலையில், கல் உடைத்து எப்போதோ கைவிட்ட ஒரு ‘பாறைக்குழி’. அதன் மேற்குச் சுவரின் திட்டில்தான் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. கோட்டான் கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று அக்காவின் மாமனார் வீட்டார் அதன்மேல் கல்லெறியக் கிளம்பியிருக்கிறார்கள். அக்கா குறுக்கே நின்றுவிட்டார். “எலி புடிக்கறதுக்குக் கூலி கேக்காத ஆளுங்ணா அது. அத வெரட்டோணுமாக்கும்!” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, முள் கட்டிய படலைத் திறந்துவிட்டார். வேறு யாரையும் கூட்டிவரக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அப்பா சரி என்றார்.

எதிர்க் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம். மூன்று குஞ்சுகள். தாய்ப்பறவை ஆரஞ்சு நிறக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தது. பாறையில் மோதி வந்த ‘டக், டக்’ என்ற சத்தத்தைக் கேட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்று பட்டியலில், ‘கொம்பன் ஆந்தை, காங்கேயம் வட்டாரம்’ என்று மட்டும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், புதிய எண் ஒன்றிலிருந்து அப்பாவுக்குத் தனிச்செய்தி வந்தது. முகப்புப் படமாக ஒரு மீன்கொத்தி. “வணக்கமுங்ணா. நானும் நம்ம குழுதானுங்க. காங்கேயத்துப் பக்கம் கோட்டான் பாத்தீங்களாமா. ஒருக்காப் பாத்துப்போடோணும்னு ரொம்ப நாளா ஆசைங்க. எந்தப் பக்கமுங்க?”

இத்தனை ‘ங்க’ போட்டுக் கேட்கிற ஒருவருக்கு இல்லை என்று சொல்வது எப்படி என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் தப்பு, இது குழுக்காரர் ஒருவர் தனியாகக் கேட்பதுதானே என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அப்பாவின் பாணியிலேயே எழுதினேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கி, எண்ணெய் மில்லைத் தாண்டி, இரட்டைப் பனையில் வலது கைப்பக்கம் திரும்பி, படலண்டை நின்று ஈஸ்வரி அக்கா என்று கூப்பிட்டால் போதும், எதிர்க் கரையில் படுத்துப் பாருங்கள், மூன்று குஞ்சுகள் இருக்கின்றன, வாங்க. ஒரு எழுத்துப் பிழையில்லை.

உடனே பதில் வந்தது. “ரொம்ப நன்றிங்ணா. நாய் இருக்குதுங்களா?” இல்லீங்க என்று எழுதினேன். அடுத்தது வந்தது. “பெருசு எத்தன கிலோ இருக்கும்ங்க?”

பறவை பார்க்கிறவர்கள் நிறம் கேட்பார்கள், நேரம் கேட்பார்கள், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். எடை கேட்டு நான் பார்த்ததில்லை. ஆந்தையை மாந்திரீகத்துக்குப் பிடித்து விற்கிறார்கள், எடை கூடக் கூடக் கிராக்கி என்று டீச்சர் எப்போதோ குழுவில் எழுதியிருந்தது அந்த நொடியில்தான் ஞாபகத்துக்கு வந்தது. பதில் போடாமல் மொத்த உரையாடலையும் அழித்தேன். குழுவைத் திறந்து பார்த்தால், அந்த எண் வெளியேறிவிட்டதாக ஒரு வரி இருந்தது. ஃபோனைப் பூஜை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

புதனும் வியாழனும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேட் சத்தம் கேட்டால் பயம், அப்பா என் பெயரைச் சொன்னால் பயம். வகுப்பில் யாரோ ஜாமெட்ரி பாக்ஸை மூடிய சத்தத்துக்குத் துள்ளி எழுந்துவிட்டேன். அவர் நல்லவராக இருக்கலாம், வழி தவறிப் போயிருக்கலாம், மழை பெய்யலாம் என்று தை மாதத்தில் மழைக்கு வேண்டிக்கொண்டேன். அப்பா இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “என்ன அம்மணி, பரீட்சையா?” என்றார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் வழியில், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். “அப்பா, நான் பாறைக்குழிக்கு வழி சொல்லிப்போட்டேன்.” நாய் இல்லை என்றதையும், எடை கேட்டதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்து, ஃபோனை எடுத்து ஈஸ்வரி அக்காவைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சூலூர், பல்லடம் எல்லாம் தாண்டிக் காங்கேயம் வரைக்கும் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

படலண்டை அக்கா சிரித்த முகமாக நின்றிருந்தார். “ஏனுங்ணா, நேத்துத்தான் உங்காளுக ரெண்டு பேரு வந்துட்டுப் போனாங்க. இன்னைக்கு நீங்களுமா?”

அப்பா நேராகப் பாறைக்குழியைப் பார்த்து நடந்தார். அக்கா பின்னாலேயே வந்து சொல்லிக்கொண்டிருந்தார். “உங்க பேரச் சொன்னாங்க. நீங்க சொன்ன அடையாளமெல்லாம் கரெக்டாச் சொன்னாங்க. சாக்கெல்லாம் எதுக்குங்கன்னு கேட்டேன். கேமராவுல தூசி படாம இருக்கன்னாங்க. வெயில்ல வந்திருக்காங்கன்னு மோருங் குடுத்தனுங்க.” சொல்லிக்கொண்டே வந்தவர் குழியின் விளிம்பில் நின்றுவிட்டார்.

திட்டு காலியாக இருந்தது. முள்ளில் பச்சை நைலான் வலையின் ஒரு துண்டு. பெரிய இறகுகள் பத்துப் பன்னிரண்டு சிதறிக் கிடந்தன. அப்போதுதான் பாறைப் பிளவுக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று கேட்டது. ஒரே ஒரு குஞ்சு, அவர்கள் கைக்கு எட்டாத ஆழத்தில் பதுங்கி, எங்களையும் அந்த இரண்டு பேராக நினைத்து மிரட்டிக்கொண்டிருந்தது.

அப்பா அக்காவைப் பார்த்து, “நாந்தானுங்க வழி சொன்னேன். தப்பு என்னோடதுங்க” என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கை என் தோளை அழுத்தியது. எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய நஷ்டத்துக்கும், ‘அட, பரவால்லீங்க, உடுங்க’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அக்கா அதைச் சொல்லவில்லை. படலை இழுத்துக் கட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

டீச்சர் சொல்லி வனத்துறையினர் வந்தார்கள். அந்த எண் அணைக்கப்பட்டே இருந்தது. மிச்சமிருந்த குஞ்சுக்கு ஆண் பறவை நாலு நாள் இரை கொண்டுவந்ததாம். ஐந்தாம் நாள் பிளவு காலி. பறக்கிற வயது அதற்கு இல்லை. என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் அக்கா டீச்சரிடம்தான் சொன்னார், அப்பாவிடம் அல்ல.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தக் குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. ‘எந்தப் பக்கமுங்க?’ என்று பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டாலும் முதலில் அந்த எண் எத்தனை நாளாகக் குழுவில் இருக்கிறது என்று பார்க்கிறேன். கோவை மாவட்டம் என்று மட்டும் பதில் போடுகிறேன். அப்பா குழுவிலிருந்து அந்த வாரமே விலகிவிட்டார். பைனாகுலர் பீரோவுக்கு மேலே இருக்கிறது. இப்போதெல்லாம் தெருவில் யாராவது வண்டியை நிறுத்தி ஏர்போர்ட்டுக்கு வழி கேட்டால்கூட, “ஊருக்குப் புதுசுங்க” என்று சொல்லிவிட்டு நடக்கிறார். முப்பது வருஷமாக அதே தெருவில் இருக்கிற மனிதர். அந்தக் காட்டில் ஆந்தை போனதைவிட இது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஒருநாளும் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

போன மாதம் கணக்கெடுப்புக்காகக் காங்கேயம் போனபோது ஈஸ்வரி அக்காவைப் பார்த்தேன். கோட்டான் ஏதும் வருகிறதா என்று கேட்டேன். “எங்கீங்க கண்ணு? எலிதான் மேயுது” என்றார். பிறகு, என் கையில் மோர் டம்ளரைக் கொடுத்துக்கொண்டே, “அப்பா நல்லாருக்காருங்களா? மனுசன் தங்கம்தான். அந்த வாய் மட்டும் நின்னுருந்தா…” என்றார். நான் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று பயந்துகொண்டு சொல்லாமல் இருந்தது இரண்டே நாள். புதன்கிழமையே சொல்லியிருந்தால் வியாழக்கிழமை படல் திறந்திருக்காது. இப்போது சொல்லாமல் இருப்பது பன்னிரண்டு வருஷம். அக்காவின் மகன் அவருக்கு வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்திருக்கிறான், எண் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை முதலில் அவருக்கு அனுப்புவது, அவர் படித்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், அவரும் படித்துவிட்டார்.