தொண்ணூற்றெட்டுக்கு இரண்டு

கொத்தனார் என்றால் புரியும், தையல்காரர் என்றால் புரியும். லிகண்ட் செய்கிறேன் என்றால் எதிரில் இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கண்ணாடிக் குடுவையைக் கட்டிக்கொண்டு இளமையைத் தொலைத்த சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், நஷ்டம் எனக்குத்தான்.

பெண் பார்க்க வந்தவர்கள்

கொட்டாம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மதுரையில் என்னம்மா ஆராய்ச்சி செய்கிறாய் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். சும்மா சிரித்து வைத்திருக்கலாம். நான் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். மருந்து மூலக்கூறுகள் பலவும் நம் கைகள் மாதிரிதான், வலது ஒன்று, இடது ஒன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று நோயைத் தீர்க்கும். மற்றது சும்மா கிடக்கும், சில சமயம் கெடுதலும் செய்யும். ஹைட்ரஜனைச் சேர்த்து அதைத் தயாரிக்கும்போது இரண்டும் பாதிப் பாதியாக வந்து தொலைக்கும். சேர்த்துவைக்கிற வேலையைச் செய்வது இரிடியம் என்கிற உலோகம். அந்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மறைத்து, இந்தப் பக்கமாக மட்டும் சேர் என்று அதட்டுகிற மூலக்கூறுதான் லிகண்ட். அதை வடிவமைப்பதுதான் என் வேலை என்றேன்.

அந்தம்மா கவனமாகத்தான் கேட்டார். உன் லிகண்ட் அதட்டினால் உலோகம் கேட்கிறதா என்றார். இதுவரை கேட்கவில்லை, பாதிப் பாதிதான் வருகிறது, வேண்டாத பாதியைக் கொட்டிவிடுகிறோம் என்று உண்மையைச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் ஏன் தட்டிப்போனது என்று அப்பா இன்னும் ஜாதகத்தைக் குறை சொல்கிறார். எனக்குத் தெரியும், வாசலில் செருப்பைப் போடும்போது அந்தம்மா என் அம்மாவிடம் கேட்டது இது:

“பாதியக் கீழ கொட்டுறதுக்கா இம்புட்டுப் படிப்பு?”

ஆனையூர் பஸ்

எங்கள் லிகண்டில் பாஸ்பரஸ் உண்டு. அதன் மூலப்பொருட்களின் நாற்றத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அழுகின பூண்டை ரப்பரோடு சேர்த்துக் கொளுத்தினால் கொஞ்சம் கிட்டத்தில் வரலாம். கையுறை, முகமூடி, புகையை உறிஞ்சுகிற கூண்டு எதுவும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தோழிகளோடு மதுரை ஆனையூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர்கள் எனக்கென்று தனி வாளி, தனிச் சோப்பு, தனிக் கொடி ஒதுக்கியிருந்தார்கள். கோபமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் நல்ல கூட்டம். என்னைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம். நாற்றத்தை அமுக்கலாம் என்று ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்திருந்தேன். இரண்டும் கலந்து இன்னும் கேவலமாகிவிட்டது. கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, குனிந்து பஸ்ஸுக்கு அடியில் எல்லாம் பார்த்தார். மறுபடி ஏறி டிக்கெட் கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிறகு பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“ஜன்னல் பக்கம் உக்காருங்கக்கா. நீங்க எறங்குற வரைக்கும் யாரையும் அங்க உக்கார விட மாட்டேன்.”

சாந்தாராம் அண்ணனின் மெஷின்

எங்கள் லேபில் தீர்ப்புச் சொல்வது ஒரு மெஷின். வலதும் இடதுமாகக் கலந்து கிடப்பதை அது தனித்தனியாகப் பிரித்து, தாளில் இரண்டு மேடுகளாக வரைந்து தரும். இரண்டும் ஒரே உயரமென்றால் பல மாத உழைப்பு பூஜ்யம். மெஷினைப் பார்த்துக்கொள்பவர் சாந்தாராம் அண்ணன், சௌராஷ்டிரக்காரர். வீட்டுக்குப் போன் போட்டால் அவர்கள் மொழி, எங்களிடம் அசல் மதுரைத் தமிழ். மேடுகள் சமமாக வந்துவிட்டால் அவர் தாளைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அழுகிறவர்கள் தனியாக அழட்டும் என்று அவருக்கு ஒரு நாகரிகம். எனக்காக அவர் குடித்த டீக்கே அவருக்குச் சர்க்கரை வந்திருக்க வேண்டும்.

ஒரு மதியம் தாளை அவர் கவிழ்க்கவில்லை. ஒரு பெரிய மேடு, அதன் பக்கத்தில் எறும்பு மாதிரி ஒன்று. தொண்ணூற்றெட்டுக்கு இரண்டு. அந்த லிகண்ட் யாருடைய பேப்பரிலிருந்தும் எடுத்ததல்ல. எந்த இடத்தில் பருமன் வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று நானே வரைந்து, நானே செய்தது. நின்ற இடத்திலேயே அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இனிப்பு வாங்க ஆள் அனுப்பலாமா என்று கேட்டேன். சாந்தாராம் அண்ணன் தாளை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“இன்னொரு தடவ பண்ணிட்டு வாங்கு செல்வி. இந்த ரூம்ல அல்வா கெட்டுப்போன கதை நெறைய இருக்கு.”

சுத்தம்

இன்னொரு தடவை செய்தேன். பாதிப் பாதி. அதற்கடுத்த தடவையும் அதேதான். ரிசல்ட் திரும்பி வரவில்லை என்றால் எங்கோ அழுக்கு இருக்கிறது, இதுதானே நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம்? குடுவைகளை நெருப்பில் காட்டி உலர்த்தினேன். எல்லாவற்றையும் கரைக்கிற திரவமான சால்வென்டில் புது பாட்டில் வரவழைத்து, அதையும் காய்ச்சி வடித்தேன். காற்றுப் படவில்லை, ஈரம் படவில்லை, என் மூச்சுகூடப் படவில்லை. சுத்தம் ஏற ஏற இரண்டு மேடுகளும் இரட்டைப் பிள்ளைகளாக வந்து நின்றன. சாந்தாராம் அண்ணன் மறுபடி டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் நான் உள்ளே வந்தால் ஜூனியர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடையில் வாங்கிய சுத்தமான வலதை நான் சாம்பிளில் கலந்திருப்பேன் என்று ஒருவன் சொன்னதாகக் காதுக்கு வந்தது. லிகண்ட் போனால் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம். பொய்க்காரி என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதை எந்த சால்வென்டில் கழுவுவது? என் கைடு இருக்கிறாரே, எங்கள் சார், அவர் என்னைக் கூப்பிட்டு, நீ கலந்தாயா என்று நேராகக் கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவாவது வழி கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. தீசிஸுக்கு மற்ற லிகண்டுகளின் சுமாரான முடிவுகளே போதும் என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“அந்தத் தொண்ணூத்தெட்டு வேணாம்மா. வைவாவுல கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

மதிய இடைவேளையில் ஒரு போன்

பட்டம் வாங்கிவிட்டேன். வேறு லேபுகளுக்கு விண்ணப்பிக்கவே மனம் வரவில்லை. ஆனையூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் சாந்தாராம் அண்ணன் கூப்பிட்டார். வெளிநாட்டில் யாரோ ஏறக்குறைய என் லிகண்டையே செய்து பேப்பர் போட்டிருக்கிறார்களாம். ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் வேண்டுமென்றே ஒரு துளி அமிலம் சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் பாதிப் பாதி, சேர்த்தால் ஒரே பக்கம். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. ஃப்ரீசரில் நான் மூடி முத்திரையிட்டுவிட்டு வந்த மிச்ச லிகண்டை எடுத்து, ஒரு துளி அமிலம் விட்டு அதே சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார். ஒரு பெரிய மேடு, பக்கத்தில் ஒரு எறும்பு.

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே யோசித்தேன். அந்த முதல் நாள் நான் ஊற்றியது ஒரு பழைய சால்வென்ட் பாட்டிலின் அடி. ஜன்னலோரம் மதுரை வெயிலில் நாள்கணக்கில் கிடந்தது. அந்தத் திரவம் வெயிலில் கிடந்தால் தானாகக் கொஞ்சம் அமிலம் ஊறும். அன்றோடு பாட்டில் தீர்ந்தது, புதிது வாங்கினேன், காய்ச்சி வடித்தேன். எனக்கு வேண்டியதை என் சுத்தமே துடைத்தெடுத்துவிட்டது. பேப்பர் இனி அவர்களுடையது. அதற்காக அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. அப்புறம் அண்ணன் பக்கத்தில் இருந்த எங்கள் சார் போனை வாங்கினார். அவர் சொன்னதைக் கேட்டதும், வகுப்பு இருக்கிறது சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். வகுப்பு எதுவும் இல்லை.

“நீ பொய் சொல்லலன்னு எனக்கு அப்பவே தெரியும்மா.”

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: உலோகம் என் பேச்சைக் கேட்க ஒரு துளி அமிலம் போதுமாக இருந்தது, மனிதர்கள் கேட்க ஊர் பேர் தெரியாத ஒருவருடைய பேப்பர் வேண்டியிருந்தது.