சத்தம் போன கம்ப்யூட்டரும் கெசியாவும்

வண்ணார்பேட்டையில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். இந்த அகமது மீரானை விடத் தெரிந்தவன் தாமிரபரணியின் இரண்டு கரையிலும் கிடையாது என்று எனக்கொரு திமிர் உண்டு. போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு பெண் அதை அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டாள்.

கெசியாவுக்கு இருபத்தேழு வயது. ஆறு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. எம்.ஏ. முடித்து ஐந்து வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்வாள். வாடிக்கையாளர்களின் குறைகளை வீட்டிலிருந்தே போனில் கேட்டுத் தீர்க்கும் வேலை ஒன்றுக்கு, அன்று பதினோரு மணிக்கு ஆன்லைனில் நேர்முகம். காலையில் பார்த்தால் வயர்லெஸ் ஹெட்போன் இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. வயர் சொருகும் துளை எப்போதோ உடைந்துபோனது. ஸ்பீக்கரில் விட்டால் அந்த வாசிக்கும் குரல் நேர்முகம் எடுப்பவர்களுக்கும் கேட்கும். அவள் அம்மா சாரம்மாள் பதறிப்போய் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"ராத்திரி அப்டேட் ஏறியிருக்கு அண்ணாச்சி. புளூடூத் டிரைவர் மாறியிருக்கும். நானே பாத்துக்கிடுதேன்," என்றாள் கெசியா.

நான் காதிலேயே வாங்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அவள் அம்மாவிடம் கேட்டேன். எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆகும் என்று நான் பையிலேயே வைத்திருக்கும் பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்த டிரைவர்களை, அதாவது ஸ்பீக்கர், புளூடூத் எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருட்களை, மொத்தமாக ஏற்றினேன்.

அவ்வளவுதான். அதுவரை லேப்டாப்பின் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த குரலும் நின்றுபோனது.

"அண்ணாச்சி, இப்ப எனக்கு ஒண்ணுமே கேக்கல. என்ன செஞ்சீய?"

மணி பத்தரை. ஏதேதோ அழுத்திப் பார்த்தேன். ஐந்து வருடம் காத்திருந்த பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! "இரும்மா, இப்ப வந்துரும்," என்று சொல்லும்போதே குரல் உதறியது. சாரம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

கெசியா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "நான் அமுக்குதேன். திரையில என்ன வருதுன்னு நீங்க வாசிச்சாப் போதும். பைய வாசிங்க."

வாசித்தேன். மவுஸைத் தொடாமல் இரண்டே பொத்தானில் டிரைவர் பட்டியலைத் திறந்தாள். நான் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அவள் விரல் அடுத்ததற்குப் போயிருந்தது. சொந்த அடுப்படியில் உப்பு டப்பாவை எடுக்கிற மாதிரி, பார்க்காத திரையில் எது எங்கே இருக்கிறதென்று அவ்வளவும் அவளுக்கு மனப்பாடம். பதினெட்டு வருடமாக அதே திரையைத்தான் நானும் பார்க்கிறேன்!

"பழைய டிரைவருக்குப் போகவான்னு கேக்குதா?"

"கேக்குதும்மா."

தட்டினாள். ஸ்பீக்கரில் அந்தக் குரல் திரும்பவும் பேசியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. புளூடூத்துக்கும் முந்தைய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டாள். ஹெட்போனைப் பட்டியலிலிருந்து நீக்கிப் புதிதாக இணைத்தாள். பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஹெட்போனில் சத்தம் வந்தது.

மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அங்கனயே ஓரமாக நின்றேன். கேள்விகள் அவள் காதுக்குள் போயின. பதில்தான் எனக்குக் கேட்டது. சமீபத்தில் சமாளித்த சிக்கல் எது என்று கேட்டிருப்பார்கள் போல. காலையில் நடந்ததை அப்படியே சொன்னாள், என் பெயரைத் தவிர.

"உதவிக்கு வந்தவர் கையில சத்தம் போயிட்டு சார். அவர் குரல் நடுங்குனது எனக்குக் கேட்டுச்சு. பயந்து நிக்கவங்களுக்கு ஒரு வேலையக் கொடுத்தா நிதானம் வந்துரும். அதான் வாசிக்கச் சொன்னேன். முக்காவாசி எனக்கே தெரியும் சார்."

சாயங்காலமே அவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் அவள் முதலில் சரிசெய்தது என்னைத்தான் என்பது அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.